புளிப்பு ஒயினும் இரண்டாவது வெல்லக்கட்டியும்

தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அவ்வளவு சந்தோஷமாகக் கேட்டாய். பெங்களூரில் திறக்கப்போகிற அந்தப் புது ரெஸ்டாரண்டின் முதலாளிகள் ஒரு மதியச் சாப்பாடு சாப்பிட்டுப் பார்த்த பிறகுதான் உனக்கு வேலையை உறுதி செய்வார்களாம். சாப்பாடு நம் வீட்டுச் சாப்பாடாக இருக்க வேண்டும், அதற்குப் பொருத்தமான சிவப்பு ஒயினை நீ ஊற்ற வேண்டும், சமைப்பது அம்மாவாக இருக்க வேண்டும். "அம்மாவக் கூட்டினு வந்துடு நைனா, மத்தத நான் பாத்துக்கறேன்" என்றாய். நான் "பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு, குக்கர் விசில் அடிக்கிறது என்று போனை வைத்துவிட்டேன். அன்று நம் வீட்டு அடுப்பில் குக்கர் ஏறவே இல்லை. நாங்கள் பழைய சாதம் சாப்பிட்டிருந்தோம்.

உனக்குக் கோபம் வந்திருக்கும். வரட்டும், கொஞ்ச நேரம் அப்படியே வைத்துக்கொள். விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கம்மாவுக்கு வாசனை தெரியவில்லை. ஐப்பசி மழையில் ஒரு காய்ச்சல் வந்ததே, அதிலிருந்து. மூக்கு மட்டும்தான் போயிருக்கிறதா, இல்லை ஞாபகமும் கூடவே கிளம்பிக்கொண்டிருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. வியாழக்கிழமை தலைக்கு ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். நான் பயந்துபோயிருக்கிறேன், தம்பி. உனக்கு ஜுரம் வந்த நாட்களிலும், கம்பெனியில் ஆள் குறைத்த வருடத்திலும்கூட நான் இப்படிப் பயந்ததில்லை.

போனில் சொல்லக்கூடாதா என்பாய். போனில் பேசினால் உங்கம்மா பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு ஸ்பீக்கரைப் போடச் சொல்வாள். அதுவுமில்லாமல் எழுதச் சொன்னதே அவள்தான். "போன்ல சொன்னா அவன் பதறுவான், அது என் காதுல வுழும். எழுதிப் போடு. படிச்சிட்டு பயந்தான்னா நமக்குக் கேக்காது பாரு" என்றாள். அவள் சொல்லித்தான் எழுதுகிறேன், முடித்ததும் போட்டோ எடுத்து உன் போனுக்கு அனுப்பிவிடுவேன். வேறு யாராவது படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. வேலைக்கு வெளியூர் போய் உட்கார்ந்துகொண்டு, வாரம் தவறாமல் அம்மாவுக்குப் போன் செய்து குழம்பு எப்படி வைப்பது என்று கேட்கிற பிள்ளைகள் இந்தக் கோவில்பதாகையில் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள்.

போன மாதம் உன் லீவு நாளில் அந்தப் பாட்டிலோடு வந்தாயே, அங்கிருந்து தொடங்குகிறேன். பேப்பரில் சுற்றி, அதைத் துண்டில் சுற்றி, அதைப் பையில் வைத்து நீ மாடி ஏறியதும் நான் முதலில் எதிர் வீட்டுக் கதவைத்தான் பார்த்தேன். எதிர் ஃபிளாட்காரர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். நான் இந்த வயது வரைக்கும் அந்தப் பக்கமே போனதில்லை என்று ஆவடி முழுக்கப் பெயர் வாங்கியவன். நம் ஊரில் ஒயின் ஷாப் என்று போர்டு வைத்த கடையில் ஒயினைத் தவிர மற்றதெல்லாம் கிடைக்கும். அங்கே போய் வந்தவர்கள் நம் தெருமுனையில் விழுந்து கிடப்பதைப் பார்த்துப் பார்த்து, பாட்டில் என்றாலே எனக்கு ஒரே அர்த்தம்தான் இருந்தது. உறவினர்கள் கேட்டால் நீ ஓட்டலில் "மேனேஜ்மென்ட்" பார்ப்பதாகத்தான் சொல்லிவைத்திருக்கிறேன். சாப்பிட வருகிறவர்களுக்கு எந்தச் சாப்பாட்டுக்கு எந்த ஒயின் என்று எடுத்துச் சொல்வது ஒரு வேலை என்று வெள்ளானூரில் உன் மாமன்மாருக்குப் புரியவைக்க எனக்குத் தெம்பில்லை.

நீ அன்று எங்களுக்கு விளக்கியதை நான் மறக்கவில்லை. கண்ணாடி டம்ளரில் ஊற்றி ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினாய். மாதுளைச் சாறு மாதிரி இருந்தது, பின்னாலிருந்த ஜன்னல் கம்பி தெரிந்தது. "செவப்பு ஒயின்னா கனமா, வாய வந்து புடிக்கிற மாதிரி இருக்கும்னு நெனப்பாங்க. இது அந்த ரகம் இல்ல நைனா. துவர்ப்பு கம்மி, புளிப்பு தூக்கல். இத வெறுமனே குடிச்சா ஒண்ணும் இல்ல, சாப்பாட்டோட வெச்சாதான் இது யாருன்னு தெரியும்" என்றாய். புளிக்கிற சாப்பாட்டுக்குப் புளிக்கிற ஒயின்தான் தாக்குப்பிடிக்கும், சாப்பாடு ஒயினைவிடப் புளித்தால் ஒயின் தண்ணீராகிவிடும் என்றாய். எண்ணெய் மிதந்தால் ரொம்ப நல்லது, அதை இந்தப் புளிப்பு கழுவிவிடும், அடுத்த வாய்க்கு நாக்கு சுத்தமாக இருக்கும் என்றாய். காரத்தை மட்டும் அடக்கி வைக்கச் சொன்னாய். இனிப்பு கூடவே கூடாது, சாப்பாட்டில் இனிப்பு தூக்கினால் ஒயின் வெறும் புளிப்பாக வந்து பல்லைக் கூசவைக்கும் என்றாய்.

உங்கம்மா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "அப்டினா எண்ணெக் கத்திரிக்கா கொழம்புதான்" என்றாள். புளி இருக்கிறது, நல்லெண்ணெய் மேலே நிற்கும், மிளகாயைக் குறைத்துப் போட்டாலும் ருசி கெடாது. அவள் சொன்ன வேகத்தைப் பார்த்து நீ கைதட்டினாய். எனக்கும் பெருமையாக இருந்தது.

பிறகு நீ டம்ளரை அவள் மூக்குக்கிட்டே நீட்டினாய். "குடிக்க வேணாம்மா, மோந்து மட்டும் பாரு. இன்னா வாசன வருது சொல்லு" என்றாய். அவள் மூக்கைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. நீ காலேஜ் படிக்கும்போது ஒருநாள் வீட்டுக்குள் நுழைந்ததும், சமையலறையிலிருந்தே "பஸ்ல யாரோ பீடிக்காரன் பக்கத்துல உக்காந்துகினு வந்தியாடா?" என்று கேட்டாள். நீ "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டுச் சட்டையை நனைத்துப் போட்டாய். உன்னைப் பிடித்ததும் அவள்தான், தப்பிக்க வழி சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். அப்படிப்பட்டவள் அன்று டம்ளருக்குள் மூக்கை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். "திராட்ச" என்றாள். நீ சிரித்துவிட்டு, செர்ரிப் பழ வாசனை வரும், கடைசியில் கொஞ்சம் மழை பெய்த மண் வாசனையும் வரும் என்று சொல்லிக்கொடுத்தாய். அவள் தலையாட்டினாள். ஒயின் எதிலிருந்து செய்கிறார்கள் என்று தெரிந்த யாரும் மூக்கே வைக்காமல் சொல்லக்கூடிய பதிலை அவள் சொன்னாள் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

அதன் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. நீ ஹாலில் போன் பேசிக்கொண்டிருந்தாய். நான் சாப்பாட்டு மேஜையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். குழம்பு கொதித்து எண்ணெய் பிரிந்ததும், எப்போதும் போல வெல்லக்கட்டி ஒன்றைக் கிள்ளிப் போட்டாள். மூடினாள். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தாள், ஆவிக்கு முகத்தைக் கொடுத்தாள், நின்றாள். பிறகு டப்பாவைத் திறந்து இன்னொரு கட்டியைப் போட்டாள். ஏதோ காரணமாகத்தான் போடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். சாப்பிட உட்கார்ந்தோம். நீ ஒரு வாய் சாப்பிட்டு ஒரு மிடறு குடித்ததும் உன் முகம் சுளித்தது. "அம்மா, இன்னிக்கு வெல்லம் தூக்கிகீது. ஒயின் தனியா புளிச்சிகினு நிக்குது" என்றாய். "போடா, உன் தண்ணி சரியில்ல, என் கொழம்பு மேல பழி போடுற" என்றாள். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். வெறும் சோற்றோடு சாப்பிட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது, நானும் இன்றைக்குக் குழம்பு நன்றாயிருக்கிறது என்று இன்னொரு கரண்டி கேட்டிருப்பேன். உன் ஒயின்தான் அந்த இரண்டாவது கட்டியைக் காட்டிக்கொடுத்தது.

நம் வீட்டுச் சமையல் முறை உனக்குத் தெரியும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். உங்கம்மா சமைக்கும்போது ருசி பார்க்க மாட்டாள். சாமி படத்துக்கு வைத்து, காக்காவுக்கு வைத்த பிறகுதான் எங்கள் வாய்க்குப் போகும். அதற்கு முன்னால் நாக்கில் பட்டால் எச்சில். கல்யாணமான புதிதில் நான் ஷிப்டுக்குப் போகிற அவசரத்தில் குழம்புச் சட்டியில் விரலை விட்டு நக்கிவிட்டேன். ஒரு வார்த்தை திட்டவில்லை. சட்டியோடு எடுத்துக்கொண்டுபோய்க் கீழே கொட்டிவிட்டு வந்து, புதிதாகப் புளி ஊறவைத்தாள். நான் மோர் சாதத்தோடு அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போனேன். அவளுக்கு உப்பும் புளியும் எல்லாமே மூக்கு வழிதான். புளியின் பச்சை வாசனை போனதா, வெந்தயம் சிவந்ததா, வெல்லம் இறங்கியதா என்று ஆவி சொல்லும், அவள் கேட்பாள். அந்த மூக்கு போன பிறகும் கையை நம்பியே சமைத்துக்கொண்டிருந்திருக்கிறாள், யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல்.

இப்போது யோசித்தால் எல்லாம் கண் முன்னாலேயே நடந்திருக்கிறது. பூக்காரம்மாவிடம் ஒருநாள் சண்டை. "மருக்கொழுந்து வெச்சு கட்டுன்னா, வெறும் எலைய கட்டினு வந்துகீற" என்றாள். மருக்கொழுந்து என் மூக்கைத் துளைத்துக்கொண்டிருந்தது. பால் இரண்டு தடவை அடிப்பிடித்தது, பக்கத்திலேயே நின்றாள். நான் வயசாகிவிட்டது என்று கிண்டல் செய்தேன். கிண்டல் செய்ய நமக்குச் சொல்லியா தரவேண்டும்.

நீ கிளம்பிப் போன பிறகு அந்த இரண்டாவது வெல்லக்கட்டி என்னை விடவில்லை. என்னோடு கம்பெனியில் வேலை பார்த்த ஒருவருக்கு முதலில் மூக்கு மரத்துப்போனது, அப்புறம் சாவியை வைத்த இடம் மறந்தது, கடைசியில் தன் மகளிடமே "நீங்க யாருங்க" என்று கேட்டார். மகள் வாசலில் வந்து அழுதாள். அதைப் பார்த்தவன் நான். போனில் தேடிப் பார்த்தேன், இன்னும் பயமுறுத்தும்படியாகவே வந்தது, மூடி வைத்துவிட்டேன். பாட்டில்தான் கெட்டுப்போன பாட்டில் என்று ஆகிவிடட்டும், அவள் சொன்ன மாதிரி தண்ணிதான் சரியில்லை என்று ஆகிவிடட்டும் என்று வேண்டிக்கொண்டேன். பாட்டில் தப்பு என்றால் அவள் சரி. நான் வேலைக்காலம் முழுக்கச் செக்கிங்கில் இருந்தவன். ஒரு சாமான் தேறவில்லை என்றால், அளக்கிற கேஜ் சரியா என்று பார்க்காமல் சாமானைத் தள்ளிவைக்க மாட்டேன்.

அதனால் மறுநாள், அவள் மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போன நேரத்தில், தோசை மாவுக்குப் பின்னால் நீ வைத்துவிட்டுப் போன பாட்டிலை எடுத்து எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினேன். உன் நைனா ஒயின் குடித்தான், எழுதி வைத்துக்கொள். மிச்சமிருந்த குழம்பை ஒரு வாய் வைத்து ஒரு மிடறு குடித்தேன். பல் கூசியது, நீ சொன்ன மாதிரியே. அன்றைக்கென்று பார்த்து எதிர் ஃபிளாட்காரர் தண்ணி லாரி வருமா என்று கேட்க வந்து நின்றார். வாயைத் திறக்காமல் "ம்ம்" என்றே பதில் சொல்லி அனுப்பினேன், அவர் எனக்குப் பல்வலி என்று நினைத்து கிராம்பு கொண்டுவந்து கொடுத்தார். அடுத்த நாள் அதே குழம்பை வைக்கச் சொன்னேன். பக்கத்திலேயே நின்று பார்த்தேன், ஒரு கட்டிதான் போட்டாள். மறுபடியும் அவள் இல்லாத நேரத்தில் குடித்துப் பார்த்தேன். தம்பி, அப்போதுதான் உன் வேலை எனக்குப் புரிந்தது. எண்ணெயும் புளியும் வாயில் இருக்கும்போது அந்த ஒயின் போய்ச் சேர்ந்ததும் புளிப்பு தெரியவில்லை, பழம் தெரிந்தது. கத்திரிக்காய் இன்னும் ஒரு வாய் கேட்டது. நன்றாக இருந்தது என்று சொல்ல எனக்கு வெட்கம்தான், ஆனால் நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததுதான் எனக்கு இடியாக இறங்கியது. பாட்டிலில் தப்பில்லை.

அதைவிட மோசமானது அடுத்து நடந்தது. இரண்டாவது தடவை குடித்த கொஞ்ச நேரத்தில் அவள் துணியை மடித்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் முகத்துக்கு நேராகப் பேசினாள். முந்தின நாள் எதிர் ஃபிளாட்காரர் கொடுத்த கிராம்பைக்கூட வாயில் போடவில்லை, மறந்துவிட்டேன். சமையலறையிலிருந்தே உன் சட்டையில் பீடியைப் பிடித்தவளுக்கு, ஒரு முழம் தூரத்தில் புருஷன் வாயில் வந்த ஒயின் தெரியவில்லை. தப்பு செய்துவிட்டு மாட்டிக்கொள்ளவில்லையே என்று நான் அழாத குறையாக உட்கார்ந்திருந்தேன். அப்போதும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயம். ஒரு மாதம் அப்படியே ஓட்டினேன். ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டதும் "பாக்கலாம்" என்றது அதனால்தான்.

நேற்று திங்கட்கிழமை காலை ஏரிக்கரைப் பக்கம் நடந்துவிட்டு வந்து கதவைத் திறந்தேன். கேஸ் நாற்றம் என்னை நெட்டித் தள்ளியது. பால் பொங்கி அடுப்பை அணைத்திருக்கிறது, கேஸ் அது பாட்டுக்கு வந்துகொண்டிருக்கிறது. அவள் சமையலறை வாசலில் கீரை ஆய்ந்து முடித்து, சாமி விளக்கேற்றத் தீப்பெட்டியைக் கையில் எடுத்திருந்தாள். நான் கத்திய கத்தலில் தீப்பெட்டி கீழே விழுந்தது. குச்சி உரசியிருக்கவில்லை. அதற்கு மேல் அதைப் பற்றி என்னால் எழுத முடியவில்லை.

சிலிண்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்துபோட்டு, அவளைக் கையைப் பிடித்து இழுத்து வந்து மாடிப்படியில் உட்காரவைத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், வீட்டுக் கதவைப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணுமே வரலியே" என்றாள். அவள் குரலை அப்படி நான் கேட்டதில்லை.

"எப்போலேந்து?" என்று கேட்டேன்.

"காச்சல்லேந்து. தானா வந்துடும்னு பாத்தேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன அடுப்பாண்ட உடுவியா நீ? அவந்தான் உடுவானா? வேல செய்ய ஒருத்திய வெச்சிட்டு, என்ன டிவி முன்னாடி குந்த வெச்சிடுவீங்க."

நான் செய்திருக்கக்கூடியதை அவளே சொல்லிவிட்டாள். ஆனால் எனக்குள்ளே வேறொன்று அடித்துக்கொண்டிருந்தது. இப்போது கேட்காவிட்டால் எப்போதும் கேட்க மாட்டேன் என்று தெரிந்தது. "தம்பி பாட்டில் எடுத்துகினு வந்தான்ல, அன்னிக்கி கொழம்புல வெல்லம் ரெண்டு தடவ போட்ட. தெரியுமா உனக்கு?" என்றேன். அவள் கீரைக் கறை படிந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இல்லையே, ஒரு தடவதானே போட்டேன்" என்று அவள் சொல்லிவிட்டால் நான் அந்தப் படியிலிருந்து எப்படி எழுந்திருப்பேன் என்று யோசித்தேன். கீழே யாரோ மோட்டார் போட்டார்கள், தொட்டி நிரம்புகிற சத்தம் கேட்டது.

"தெரியும்" என்றாள். "மொத கட்டி போட்டது நல்லா ஞாபகம் கீது. மூடி தொறந்து பாத்தேன், வெல்லம் வாசனையே வரல. கை போட்டேன்னு சொல்லுது, மூக்கு போடலன்னு சொல்லுது. இத்தினி வருசமா மூக்கு சொல்றதத்தான நான் கேட்டுகினு கீறேன். அதான் மறுபடி போட்டேன். வாயில வெச்சதும் தெரிஞ்சிது, தப்பு பண்ணிட்டேன்னு. புள்ள ஆசையா வந்துகீறான், அவன்கிட்ட இன்னான்னு சொல்றது? அதான் உன் தண்ணி சரியில்லன்னுட்டேன்."

நான் அழுதேன், தம்பி. படியில் ஆள் ஏறி இறங்குகிற நேரம், பரவாயில்லை என்று அழுதேன். அவளுக்கு ஞாபகம் இருந்தது. தன் ஞாபகத்தை அவள் நம்பவில்லை, அவ்வளவுதான். அவள் என் முதுகைத் தட்டிக்கொண்டே, "நானும் பயந்துகினுதான் கீறேன். நீயும் பயந்துகினு கீறன்னு தெரிஞ்சிருந்தா ஒண்ணா பயந்திருக்கலாம்ல" என்றாள்.

சாயங்காலம் பூந்தமல்லி பக்கம் ஒரு மூக்கு டாக்டரிடம் போனோம். காய்ச்சலுக்குப் பிறகு சிலருக்கு இப்படி ஆகும், மெதுவாகத் திரும்பலாம், திரும்பாமலும் இருக்கலாம் என்றார். வெல்லக் கதையையும் சொன்னேன், அவர் சிரித்துவிட்டு நல்ல அறிகுறிதான் என்றார். ஆனாலும் வயதைப் பார்த்து, தலைக்கு ஒரு ஸ்கேன் எடுத்து நரம்பு டாக்டரிடம் காட்டிவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். மாடிப்படியில் கிடைத்த ஒரு நல்ல பதிலை வைத்துக்கொண்டு நான் வியாழக்கிழமை வரை நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அன்றைக்கு வேறு மாதிரி சொல்லிவிடுவார்களோ என்ற பயம் இதை எழுதும்போதும் அப்படியேதான் இருக்கிறது.

இன்று காலை நடந்ததையும் கேள். ரசம் வைத்தாள். நான் அடுப்படியில் போய் நின்றேன், "புளி பச்ச வாசன போயிடுச்சு" என்று சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நீ சொல்லி நான் ரசம் வைக்கிற காலம் வந்துவிட்டதா என்கிற பார்வை. "வாசனதான போச்சு, நாக்கு கீதே. கொஞ்சம் வாயில வெச்சுப் பாரேன்" என்றேன். "சாமிக்கு வெக்காமயா?" என்றாள். ரசம் கொதிக்கக் கொதிக்க நாங்கள் இதே வாதம். கடைசியில் அவளே அடுப்பை அணைத்துவிட்டு, ஒரு சின்னக் கிண்ணத்தில் ரசத்தை எடுத்துச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். இன்னொரு கரண்டியைச் சோற்றோடு பிசைந்து காக்காவுக்கு வைத்தாள். "இத்தினி வருசம் என் கையால தின்ன சாமி. ஒரு நாள் உப்பு முன்னப் பின்ன இருந்தா கோச்சுக்குவாரா? அவருக்கு மொதல்ல, அப்பால நான் பாத்து சரி பண்ணிக்கறேன்" என்றாள். பிறகு கரண்டியிலிருந்து உள்ளங்கையில் கொஞ்சம் விட்டு நக்கினாள். இத்தனை வருடத்தில் அடுப்புக்கு முன்னால் நின்று அவள் ருசி பார்த்து நான் பார்த்ததே இல்லை.

"புளிப்பு கீது" என்றாள். இன்னொரு முறை நக்கினாள். "உப்பு கம்மி." கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் முகம் தெளிந்திருந்தது. காய்ச்சலுக்குப் பிறகு ஏதோ கடமைக்கு மென்று விழுங்கிக்கொண்டிருந்தாளாம், அந்த வெல்லம் தெரிந்த நாளைத் தவிர நாக்கு தனியாக என்ன சொல்கிறது என்று கேட்கவே இல்லையாம். உப்பைப் போட்டுக் கலக்கிக்கொண்டே உன்னைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். "அவன் ஒயினுக்கு இன்னா வேணுமாம்? புளிப்பு, உப்பு, எண்ண, காரம், இனிப்பு. அத்தினியும் நாக்கு வேலதான? செர்ரிய அவன் பாத்துக்கட்டும், புளிப்ப நான் பாத்துக்கறேன்" என்றாள்.

ஆகவே உனக்கு என் பதில், வருகிறோம். ஆனால் அதற்கு முன்னால் நீ வர வேண்டும். புதன்கிழமையே வந்துவிடு, வியாழக்கிழமை அந்த ஸ்கேன் அறை வாசலில் நான் தனியாக உட்கார முடியாது. வரும்போது கேஸ் கசிந்தால் சத்தம் போடுகிற கருவி ஒன்று விற்கிறதாமே, அதை வாங்கிக்கொண்டு வா. அதே ரக ஒயினில் ஒரு பாட்டிலும் கொண்டு வா, பழையது புளித்துக் காடியாகிவிட்டது. எவ்வளவு புளிப்பு என்று தெரியாமல் நான் எப்படிப் புளி கரைப்பது என்று உங்கம்மா கேட்கிறாள். நாக்கில் ஒரு சொட்டு விட்டுக்கொள்வாளாம், அதற்கு மேல் கேட்கக்கூடாதாம். அவளிடம் இனிமேல் என்ன வாசனை வருகிறது என்று கேட்காதே. புளிப்பு போதுமா என்று கேள். இதைப் படித்துவிட்டு, நல்ல பிள்ளைகள் செய்கிற மாதிரி, சமையலுக்கு ஆள் வைக்கிறேன் என்று மட்டும் வந்து நிற்காதே. எனக்கும் அந்த யோசனை வந்தது, நான்கூட நல்ல புருஷன்தான். அடுப்பை அவளிடமிருந்து வாங்கிவிட்டால் என் பயம் குறையும். அவளுக்கு என்ன மிச்சமிருக்கும் என்று நீயே சொல்.

உனக்கு நாளைக்கு ஒரு பெண் வருவாள். அவள் சமைத்தாலும் சரி, நீ சமைத்தாலும் சரி, தட்டை மட்டும் பார்த்துச் சாப்பிடாதே. எதிரில் இருப்பவரின் கையைப் பார். ஏதாவது மாறியிருந்தால் அன்றைக்கே கேட்டுவிடு. ஒரு மாதம் பயத்தை மடியில் கட்டிக்கொண்டு, பக்கத்திலேயே இன்னொருத்தி அதே பயத்தோடு படுத்திருப்பது தெரியாமல் நான் இருந்த மாதிரி நீ இருக்காதே. வியாழக்கிழமை என்ன சொன்னாலும் கரண்டி அவள் கையில்தான் இருக்கும், நான் பக்கத்தில் நிற்பேன். மூக்கு என்னுடையது, அது இன்னும் வேலை செய்கிறது.

இங்கே நிறுத்தலாம் என்று இருந்தேன். இப்போது சமையலறையிலிருந்து கூப்பிடுகிறாள். "இந்தா, கேஸ மூடிட்டனா கொஞ்சம் பாரு." கொஞ்சம் முன்னால்தான் அவள் மூடுகிற சத்தத்தை நான் இங்கிருந்தே கேட்டேன். கை மூடினேன் என்கிறதா, மூக்கு ஒன்றும் சொல்லாததால் சந்தேகமா, இல்லை மூடியதே நினைவில் இல்லையா? பேனாவை வைத்துவிட்டுப் போகிறேன்.

போய் முகர்ந்து பார்த்தேன். மூடியிருக்கிறது. அவளிடம் கேட்டுவிட்டேன். "மூடுனது ஞாபகம் கீது. இருந்தாலும் நீ ஒரு தபா பாத்தா எனக்கு நிம்மதி" என்றாள். புதன்கிழமை வந்துவிடு.

உன் நைனா